ஹன்ட்ரஸ் யாருடைய மகள்?

கேள்வி இது: "ஹன்ட்ரஸ் பேட்மேனின் மகள் என்று ஓரிடத்தில் படித்தேன். இன்னோரிடத்தில் மாஃபியா குடும்பத்துப் பெண் என்று போட்டிருக்கிறது. எது சரி? அவள் குடும்பத்துக்கு உண்மையில் என்னதான் நடந்தது?"

இரண்டும் சரி. ஹன்ட்ரஸ் என்ற பெயரில், பேட்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டிசி காமிக்ஸில் இரண்டு நாயகிகள் இருக்கிறார்கள். இருவருக்கும் பெயர் ஹெலினா. இருவரும் பேட்மேனின் ஊரான கோதம் நகரத்துப் பெண்கள், இருவர் கையிலும் குறுக்குவில், இருவருமே குடும்பத்தைப் பறிகொடுத்தவர்கள். ஆனால் ஒருத்தி ஹெலினா வெய்ன், மற்றவள் ஹெலினா பெர்டினெல்லி. முதலாமவளை அழித்துவிட்டு, அந்த இடத்தில்தான் இரண்டாமவளை உருவாக்கினார்கள். அதனால் வெய்னிலிருந்து ஆரம்பித்தால்தான் பெர்டினெல்லி புரிவாள். (1947-லேயே ஹன்ட்ரஸ் என்ற பெயரில் ஒரு வில்லி வந்திருக்கிறாள். அவளுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.)

முதலில் எர்த்-டூ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பேட்மேனுக்கு எப்படி வளர்ந்த மகள் என்ற குழப்பம் வரும். 1961-ல் ஃபிளாஷ் இதழின் 123-வது கதையில் டிசி ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. 1940-களில் வந்த பழைய நாயகர்கள் எல்லாம் வேறோர் இணை உலகத்தில் இருக்கிறார்கள். புதிய நாயகர்கள் நம் உலகத்தில் இருக்கிறார்கள். அந்தப் பழைய உலகத்துக்குப் பின்னால் வைத்த பெயர்தான் எர்த்-டூ. இதனால் எழுத்தாளர்களுக்குப் பெரிய சுதந்திரம் கிடைத்தது. மாதாமாதம் விற்கிற பேட்மேனுக்கு வயதாகக் கூடாது, கல்யாணம் ஆகக் கூடாது, சாகவே கூடாது. எர்த்-டூ பேட்மேனுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அங்கே காலம் ஓடியது. தலை நரைத்தது. அந்த பேட்மேன், அதாவது புரூஸ் வெய்ன், தன் பழைய எதிரியான திருடி கேட்வுமனையே (செலினா கைல்) 1950-களில் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் ஹெலினா.

இந்த ஹெலினா அறிமுகமானது 1977-ல், டிசி சூப்பர் ஸ்டார்ஸ் 17-வது இதழில். எழுதியவர் பால் லெவிட்ஸ், வரைந்தவர் ஜோ ஸ்டேட்டன், மை போட்டவர் பாப் லேட்டன். பேட்மேன் கதைகளில் பொதுவாகக் கிடைக்காத ஒன்று இந்தக் கதையின் தொடக்கத்தில் இருக்கிறது: நிம்மதியான ஒரு குடும்பம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கிறார்கள், பெண் நன்றாகப் படிக்கிறாள், அப்பாவின் பழைய கூட்டாளி ராபின், அதாவது டிக் கிரேசன், பங்குதாரராக இருக்கும் சட்ட நிறுவனத்திலேயே வக்கீலாகச் சேர்கிறாள். அவளுக்கு முகமூடி தேவைப்படவே இல்லை. சட்டத்தை நம்பி வளர்ந்த பெண் அவள்.

அந்த நிம்மதியைக் கெடுக்க வருகிறவன் சில்க்கி செர்னாக். கேட்வுமனிடம் ஒரு காலத்தில் அடியாளாக இருந்தவன். செலினாவின் கடந்த காலத்தைச் சொல்லி மிரட்டுகிறான். கையில் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறான், அவள் ஒரு கொலை செய்ததைப் போலக் காட்டும் படம். வெளியே விட்டால் கணவன், மகள் எல்லோர் வாழ்க்கையும் பாழ் என்கிறான். இருபது வருடத்துக்கு மேல் திருட்டுப் பக்கமே போகாத அந்தப் பெண், குடும்பத்தைக் காப்பாற்ற இன்னும் ஒரே ஒரு முறை கேட்வுமன் உடையைப் போட்டுக்கொண்டு போகிறாள். அந்த இடத்துக்கு பேட்மேனும் வந்துவிடுகிறார். நடந்த மோதலில் துப்பாக்கி வெடிக்கிறது; செலினா விழுகிறாள்; கணவனின் கைகளிலேயே உயிர் போகிறது.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புரூஸ் சிறுவனாக இருந்தபோது ஒரு சந்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு, அப்பா அம்மா விழுந்தார்கள். வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடுதான் போராடினார். வயதான காலத்தில் அதே சத்தம் மறுபடி அவர் வீட்டைத் தேடி வருகிறது. இம்முறை அவர் சிறுவன் இல்லை, பேட்மேனாகவே அங்கே நிற்கிறார். அப்போதும் தடுக்க முடியவில்லை. பேட்மேன் வேடத்தை அத்தோடு விட்டுவிடுகிறார். ஆனால் மகள் எழுந்திருக்கிறாள். ஊதா உடை, முகமூடி, குறுக்குவில். செர்னாக்கைத் தேடிப் பிடித்துச் சட்டத்திடம் ஒப்படைக்கிறாள். கொல்லவில்லை. வக்கீலின் அங்கியும் முகமூடியும் அவளிடம் கடைசிவரை ஒன்றாகவே இருந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பழி தீர்ந்த பிறகும் அவள் நிறுத்தாததுதான். அம்மாவைக் கொன்றவன் ஜெயிலுக்குப் போய்விட்டான், கணக்கு முடிந்தது. ஆனாலும் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற மூத்த நாயகர்களின் அணியில் சேர்கிறாள், பவர் கேர்ள் அவளுக்கு உற்ற தோழியாகிறாள். 1979-ல் அட்வெஞ்சர் காமிக்ஸ் 462-வது இதழில் அப்பாவும் போகிறார். பில் ஜென்சன் என்ற சாதாரணக் குற்றவாளிக்கு எப்படியோ மந்திர சக்தி கிடைத்துவிடுகிறது. ஓய்வில் இருந்த புரூஸ் மறுபடி பேட்மேன் உடையை மாட்டிக்கொண்டு அவனை எதிர்த்துப் போய் உயிரை விடுகிறார். டிசி தன் மிகப் பெரிய நாயகனின் மரணத்தை ஒரு தொகுப்பிதழின் பக்கங்களில் அமைதியாகச் சொல்லி முடித்தது. சில வருடங்களுக்குள் அம்மா அப்பா இருவரையும் அடக்கம் செய்த பெண்ணாக ஹெலினா நின்றாள். 1980-லிருந்து வொண்டர் வுமன் இதழின் பின்பக்கங்களில் அவளுக்கென்று தனித் தொடர் ஓடியது. கொஞ்சப் பக்கங்கள்தான், ஆனால் தனியாக வாழும் ஒரு வக்கீல் பெண்ணின் அன்றாடத்தை அதில் நன்றாகக் காட்டினார்கள்.

செலினாவைப் பற்றி இன்னொரு கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1983-ல் பிரேவ் அண்ட் த போல்ட் 197-வது இதழில் ஆலன் பிரென்னர்ட் எழுதியது. 1950-களின் தொடக்கத்தில் கேட்வுமனைத் திருத்த, விமான விபத்தில் நினைவு போனதால்தான் திருடினாள் என்று ஒரு சாக்கு சொல்லியிருந்தார்கள். பிரென்னர்ட் அதை எடுத்து, அந்த நினைவிழப்பே செலினா சொன்ன பொய் என்று மாற்றினார். உண்மையில் அவளுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது, கணவன் அவளை அடித்தான், அவனிடமிருந்து தன் நகைகளைத் திருடிக்கொண்டு வந்ததுதான் அவளது முதல் திருட்டு. இதைப் படித்த பிறகு பழைய மரணக் காட்சியைத் திரும்பப் படித்தால் கனம் கூடிவிடுகிறது. ஒரு கொடுமையிலிருந்து தப்பி வந்து, பொய் சொல்லியாவது ஒரு நல்ல வாழ்க்கையைச் சம்பாதித்தவளை, அதே கடந்த காலத்தைக் காட்டித்தான் செர்னாக் கொல்கிறான்.

சரி, இந்த ஹெலினா என்ன ஆனாள்? 1985-86-ல் வந்த க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் தொடரில் இணை உலகங்களை எல்லாம் டிசி ஒன்றாக்கியது. மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த பன்னிரண்டு இதழ்கள். பதினோராவது இதழில் உலகங்கள் இணைந்துவிடுகின்றன. எர்த்-டூவின் ராபினும் ஹன்ட்ரஸும் கண் விழித்தால், இந்தப் புதிய உலகத்தில் தங்களுக்கு இடமே இல்லை என்று தெரிகிறது. இங்கே பேட்மேன் இளைஞர், செலினாவை அவர் மணந்ததே கிடையாது. அப்படியானால் ஹெலினா பிறக்கவே இல்லை. அம்மா செத்தாள், அப்பா செத்தார் என்பது போய், அவர்கள் வாழ்ந்ததே இல்லை என்றாகிறது. பன்னிரண்டாம் இதழில் நிழல் பேய்களின் தாக்குதலில் அவளும் மடிகிறாள். பிறகு உலகம் சீராகும்போது அவளை நினைவு வைத்துக்கொள்ளவும் ஆளில்லை. குடும்பத்தை இழந்த நாயகிகள் காமிக்ஸில் நிறைய இருக்கிறார்கள். குடும்பம் இருந்தது என்ற நினைவோடு சேர்த்து இழந்தவள் இவள் ஒருத்தியைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மூன்று வருடம் கழித்து, 1989-ல், ஹன்ட்ரஸ் என்ற பெயரிலேயே புதிய இதழ் வந்தது. எழுதியவர் ஜோயி கவலியெரி. வரைந்தவர் முதல் ஹெலினாவை உருவாக்கிய அதே ஜோ ஸ்டேட்டன். பேட்மேனின் மகள் என்று இனிமேல் சொல்ல முடியாது, அதனால் பேட்மேன் எதிர்த்துப் போராடும் உலகத்திலேயே அவளைப் பிறக்க வைத்தார்கள். கோதமின் மாஃபியா தலைவர்களில் ஒருவரான பெர்டினெல்லியின் மகள். அந்த முதல் வடிவத்தில், சிறு வயதில் எதிரிக் கும்பல் அவளைக் கடத்திக் கொடுமைப்படுத்துகிறது. 19 வயதில் அவள் கண்ணெதிரே குடும்பத்தையே சுட்டுக் கொல்கிறார்கள். 19 இதழ்களோடு அந்தத் தொடர் நின்றுவிட்டது. அதில் சிறுமிக்கு நடந்ததை எழுதிய விதம் எனக்கு ஒப்பவில்லை. பெண் பாத்திரத்துக்குக் கோபம் வர வேண்டும் என்றால் இப்படி ஒன்றைப் போட்டுவிடுவது அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. நல்லவேளை, பிறகு வந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

இன்று பெரும்பாலான வாசகர்கள் ஹன்ட்ரஸின் பூர்வ கதை என்று நினைப்பது 2000-ல் வந்த பேட்மேன்/ஹன்ட்ரஸ்: க்ரை ஃபார் பிளட் என்ற ஆறு இதழ்த் தொடரைத்தான். எழுதியவர் கிரெக் ரக்கா, வரைந்தவர் ரிக் பர்ச்செட். ஒரே ஒரு ஹன்ட்ரஸ் கதைதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

அதில் ஹெலினாவுக்கு எட்டு வயது. இரவுச் சாப்பாட்டு நேரம். அப்பா ஃபிராங்கோ, அம்மா மரியா, சகோதரன் பினோ எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வருகிறான். ஒவ்வொருவராகச் சுடுகிறான். சிறுமியின் முன்னால் வந்து நின்றும் சுடாமல் போய்விடுகிறான். அவள் வளரும்போது கூடவே வளர்வது "யார் செய்தது" என்ற கேள்வியைக் காட்டிலும் "என்னை ஏன் விட்டான்" என்ற கேள்விதான். சொந்தக்காரர்கள் அவளை இத்தாலிக்கு, சிசிலிக்குக் கொண்டுபோய் வளர்க்கிறார்கள். அவர்களும் அதே தொழில்காரர்கள். சால் என்ற உறவினன்தான் அவளுக்குச் சண்டை கற்றுத் தருகிறான். ஆக, மாஃபியாவை எதிர்ப்பதற்கான கலையை அவள் கற்றதே மாஃபியாவிடம். கோதமுக்குத் திரும்பி வந்து பகலில் பள்ளி ஆசிரியை, இரவில் ஹன்ட்ரஸ்.

அவள் செய்யாத சில கொலைகளுக்கு அவளைக் குற்றவாளியாகக் காட்டச் சதி நடக்கிறது. செத்தவர்கள் உடலில் குறுக்குவில் அம்பு. பேட்மேனே அவளைச் சந்தேகிக்கிறார். முகமில்லாத துப்பறிவாளனான த க்வெஸ்டியன் மட்டும் அவளை நம்பி, தன் குருவான ரிச்சர்ட் டிராகனிடம் கூட்டிப் போகிறான். துப்புகளைப் பின்தொடரும்போது அவளுக்குத் தெரிய வருவது இதுதான்: ஃபிராங்கோ அவள் அப்பா இல்லை. எதிரிக் குடும்பத்துத் தலைவன் சாந்தோ கஸ்ஸமென்டோவுக்கும் மரியாவுக்கும் ரகசிய உறவு இருந்தது, அதில் பிறந்தவள் அவள். பெர்டினெல்லி குடும்பத்தைத் தீர்த்துக்கட்டும் திட்டத்தில் கஸ்ஸமென்டோவுக்கும் பங்கு இருந்தது. தான் காதலித்த மரியாவை மட்டும் விட்டுவிட வேண்டும் என்பது அவன் சொன்ன நிபந்தனை. கொலைகாரன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தாயைச் சுட்டுவிட்டு மகளை விட்டுவிட்டான்.

இந்தக் கதையில் இதைவிடக் கொடூரமான இடம் எனக்குத் தெரியாது. தான் உயிரோடு இருப்பதற்கு விதியோ இரக்கமோ ஏதாவது ஒரு காரணம் இருக்கும் என்று நம்பித்தான் அந்தச் சிறுமி வளர்ந்தாள். கடைசியில் தெரிவது, அவள் பிழைத்தது ஒரு தவறினால். பிழைத்திருக்க வேண்டியவள் அம்மா. கோபப்பட வேண்டிய ஆள் யார் என்று பார்த்தால், பெற்ற தகப்பன்.

பேட்மேனுக்கும் இவளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. புரூஸின் பெற்றோர் தாமஸ் வெய்னும் மார்த்தா வெய்னும் நல்லவர்கள். ஊருக்கு உதவிய பணக்காரர்கள். அவர்களுக்காக அழுவதில் புரூஸுக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டியதில்லை. ஹெலினா அழுகிற ஆட்கள் குற்றவாளிகள். அவளுடைய அப்பா என்று நினைத்தவரின் கையிலும் எத்தனையோ குடும்பங்களின் இரத்தம் உண்டு. பாசம் வைத்தவர்கள் கெட்டவர்களாக இருந்தால் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் தீவிரமான கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவள், உடையிலேயே சிலுவை இருக்கும். மன்னிப்பைப் போதிக்கும் சமயம் ஒரு பக்கம், இரத்தத்துக்கு இரத்தம் என்னும் குடும்ப வழக்கம் இன்னொரு பக்கம். ரக்கா இதில் எந்தப் பக்கமும் சாய்ந்து அவளுக்கு எளிய வழி காட்டவில்லை. முடிவில் கஸ்ஸமென்டோவை அவள் தன் கையால் கொல்லவில்லை. ஆனால் அவன் சாவுக்கு வழி விடுகிறாள். க்வெஸ்டியன் எதிர்பார்த்தது அது இல்லை. சூப்பர் ஹீரோ கதை என்றால் இந்த இடத்தில் நாயகி மன்னித்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், மன்னித்திருந்தால் அவள் பெர்டினெல்லியாக இருந்திருக்க மாட்டாள்.

பேட்மேனோடு அவளுக்குக் கடைசிவரை இழுபறிதான். டிசியின் முன்னணி நாயகர்களின் அணியான ஜஸ்டிஸ் லீகில் சேர அவரே அவளைப் பரிந்துரைத்தார். ப்ரோமிதியஸ் என்ற வில்லனைக் கொல்லப் போனாள் என்பதற்காக அவரே வெளியே அனுப்பினார். பூகம்பத்துக்குப் பிறகு கோதம் கைவிடப்பட்டுக் கிடந்த நோ மேன்ஸ் லேண்ட் கதையில் (1999), பேட்மேன் ஊரில் இல்லாதபோது வவ்வால் சின்னத்தை நெஞ்சில் போட்டு மக்களுக்குத் தைரியம் கொடுத்தவள் அவள்தான். அதே கதையின் முடிவில் ஜோக்கரின் கும்பலுக்கு எதிரே தனியாக நின்று, குண்டுக்கு மேல் குண்டு வாங்கியும் இடத்தை விட்டு நகரவில்லை. அவளுக்கு அப்பாவைப் போன்ற ஒருவரின் ஒப்புதல் எவ்வளவு தேவைப்பட்டது என்பது அந்தப் பக்கங்களில் தெரியும்.

இழந்த குடும்பத்துக்கு ஈடாக ஏதாவது கிடைத்ததா என்றால், 2003-லிருந்து கெயில் சிமோன் எழுதிய பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே கதைகளைச் சொல்வேன். அது நாயகிகளின் அணி ஒன்றின் கதை; அதிலுள்ள ஆரக்கிளும் பிளாக் கேனரியும் ஹெலினாவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுவும் சுலபமாக அமையவில்லை. தன்னைத் திருத்துவதற்காகவே ஆரக்கிள் திட்டமிட்டு வேலைகள் கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் ஹெலினா கிளம்பிவிடுகிறாள். சொந்த வீட்டிலேயே பெரியவர்களின் காய் நகர்த்தலில் சிக்கி வளர்ந்தவளுக்கு, நல்ல நோக்கத்தோடு செய்தாலும் அது வலிக்கத்தானே செய்யும்? அப்புறம் அவள் திரும்பி வருகிறாள். அந்தத் திரும்பி வருதலை அவசரப்படாமல் எழுதியிருக்கிறார் சிமோன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் குழப்பத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. 2011-ல் டிசி எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியபோது ஹெலினா வெய்ன் திரும்பி வந்தாள், அதுவும் பால் லெவிட்ஸின் எழுத்திலேயே. இத்தாலியில் நடக்கும் அந்தத் தொடரில் முதலில் அவளை பெர்டினெல்லி என்றுதான் நினைப்போம்; பிறகுதான் வேறு உலகத்திலிருந்து வந்த வெய்ன் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறாள் என்று தெரியும். இந்தப் புது எர்த்-டூவிலும் அப்பா அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். 2014-ல் கிரேசன் தொடரில் பெர்டினெல்லி உளவாளியாக வந்தாள். 2016-ல் தொடங்கிய பேட்கேர்ள் அண்ட் த பேர்ட்ஸ் ஆஃப் ப்ரேயில் அவளுடைய அம்மா மரியா சாகவில்லை, மாஃபியாவுக்குள்ளேயே மறைந்திருந்து வில்லியாகிவிட்டாள் என்று எழுதினார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. தப்பான ஆள் பிழைத்தாள் என்பதுதான் க்ரை ஃபார் பிளட்டின் உயிர். அம்மாவும் பிழைத்துவிட்டாள் என்றால் அந்தத் தவறுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. 2022-ல் ஜெஃப் ஜான்ஸின் ஜஸ்டிஸ் சொசைட்டி தொடரில் எதிர்காலத்திலிருந்து வரும் ஹெலினா வெய்ன் மறுபடி ஹன்ட்ரஸ்.

திரையில் பார்த்துவிட்டு வந்திருந்தால்: 2002-ல் வந்த பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே தொலைக்காட்சித் தொடரில் இருப்பவள் பேட்மேன், கேட்வுமன் மகள். ஆரோ தொடரிலும், 2020-ல் மேரி எலிசபெத் வின்ஸ்டெட் நடித்த பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே படத்திலும் இருப்பவள் பெர்டினெல்லி. ஜஸ்டிஸ் லீக் அன்லிமிட்டெட் கார்ட்டூனில் வரும் "டபுள் டேட்" பகுதியும் பெர்டினெல்லிதான். அதை எழுதியது கெயில் சிமோன், கூடவே க்வெஸ்டியனும் உண்டு. இருபது நிமிடத்தில் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள நல்ல வழி.

படிக்கும் வரிசை கேட்டால், டிசி சூப்பர் ஸ்டார்ஸ் 17, பிறகு அட்வெஞ்சர் காமிக்ஸ் 461, 462, அடுத்து க்ரைசிஸ் 11, 12. அங்கே ஒரு நாள் இடைவெளி விட்டு க்ரை ஃபார் பிளட்டை ஆறு இதழும் ஒரே மூச்சில் படியுங்கள். 1989 தொடரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.